ரொசீனா கூப்பிடாத மனிதர்

ரொசீனா டெட்மரின் சட்டைக் கையில் எப்போதும் ஒன்றிரண்டு வாத்திறகு ஒட்டிக்கொண்டிருக்கும். வாத்து வளர்த்து, இறகு சேர்த்து, மெத்தையும் தலையணையும் தைத்து விற்றுத்தான் அவள் வீடு ஓடியது. கணவர் ஹார்ட்விக் டெட்மர் எங்கள் சுதந்திர சபையின் பேச்சாளர். ஞாயிறுதோறும் மேடையேறி, கடவுள் இல்லை, சொர்க்கம் இல்லை, செத்தபின் எதுவும் இல்லை, இருக்கும்போதே நல்லவனாக இரு என்று பேசுவார். சபை அதற்குக் கொடுத்த சம்பளம் அவருடைய புகையிலைக்கே போதாது என்பாள் ரொசீனாக்கா.

எங்கள் முன்னோர் ஜெர்மனியில் புரட்சி தோற்ற பிறகு சிறைக்குத் தப்பிக் கப்பலேறியவர்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் ஹெல்விக்துறைக்கு வந்து சேர்ந்தபோது ஊரில் லுத்தரன்களும் கத்தோலிக்கர்களும் ஏற்கனவே கோயில் கட்டிவிட்டிருந்தார்கள். நாங்களும் ஒன்றுகூட ஓர் இடம் வேண்டும் என்று மரம் கேட்டால், ஊர் அறுப்பாலைக்காரன் நாத்திகனுக்கு ஒரு பலகைகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டான். வடக்கே காட்டுக்குப் போய்த் தாங்களே பைன் மரம் வெட்டி, மிதவையாகக் கட்டி ஆற்றோடு ஓட்டி வந்தார்கள். அப்படி எழும்பியதுதான் எங்கள் மண்டபம். மணி கிடையாது, சிலுவை கிடையாது. உயரமான ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடிக்குப் பதில் வெறும் கண்ணாடி. "ஒளிச்சு வைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றாராம் ஹார்ட்விக். மேடையில் ஒரு மேஜை, உலக உருண்டை, பாடம் பண்ணிய ஆந்தை, என் ஆர்மோனியம். சுவரில் பெரிய எழுத்தில் 'உண்மை பேசு'.

ஊரார் அதற்கு வைத்த பெயர் பிசாசுக் கொட்டகை.

ரொசீனாக்கா அந்தச் சபையில் பிறந்தவள் அல்ல. ஜெர்மனியின் சாக்சனியில் நெசவுக்காரர் வீட்டுப் பெண். அமெரிக்கா வந்து மில்வாக்கி நகரில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கும்போது, எதிர்த்த கட்டடத்தில் ஹார்ட்விக் பேசியதை எட்டிப்பார்த்துக் கேட்டிருக்கிறாள். கேட்டது பிடித்துப்போய், பேசியவரையும் பிடித்துப்போயிற்று. பாதிரியார் இல்லாமல் நீதிபதி முன் கல்யாணம். அவளைப் பெற்றவள் அதற்குப் பிறகு அவளோடு பேசவே இல்லை. பிள்ளையும் பிறக்கவில்லை. மண்டபத்தைக் கூட்டுவது, ஞாயிறு காலையில் குளிருக்கு அடுப்பு மூட்டுவது, கூட்டம் முடிந்து எல்லோருக்கும் காப்பி கொடுப்பது, எல்லாம் அவள்தான்.

ஹார்ட்விக்குக்கு ஊரில் ஓர் எதிரி உண்டு. லுத்தரன் பாஸ்டர் ரிங்கல். இருவரும் ஒரே ஊரில் பிறந்து, ஹாலே பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் வேதம் படித்தவர்கள். ஒருவர் பாஸ்டர் ஆனார். மற்றவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாத்திகர் ஆனார். அவ்வளவு பெரிய அமெரிக்காவில் இந்தச் சின்ன ஊருக்கே இருவரும் வந்து சேர்ந்ததுதான் விதி என்று ஊரில் சிரிப்பார்கள். விதி என்ற சொல்லை ஹார்ட்விக் ஒத்துக்கொள்ள மாட்டார். தெருவில் எதிர்ப்பட்டால் ஒருவர் இந்த ஓரம், ஒருவர் அந்த ஓரம். ரிங்கல் கோயிலில் இவரைத் திட்டுவார். இவர் மண்டபத்தில் அவரைக் கிண்டலடிப்பார். இருவர் வீட்டுக்கும் நடுவே நாலே வீடு.

பக்கத்து ஊரில் எங்கள் சபையைச் சேர்ந்த கிழவர் ஒருவர் செத்தார். கடைசி நேரத்தில் அவர் மனம் திரும்பிவிட்டார் என்று அந்த ஊர்ப் பாஸ்டர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்டு ஹார்ட்விக்குக் கோபம் தாங்கவில்லை. அன்றைக்கு வீட்டின் பின்கட்டில் அவரும் ரொசீனாக்காவும் வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ரொசீனா, நாளைக்கு நானும் ஜுரத்துல கிடந்து பாஸ்டரைக் கூப்பிடுன்னு உளறலாம். கூப்பிடாதே."

"உளறினா என்ன இப்ப, வந்துட்டுப் போகட்டுமே."

"உளர்றவன் நான் இல்ல. இப்ப பேசறேன் பாரு, இதுதான் நான். இந்த ஆளுக்கு வாக்குக் குடு."

"வாத்துக் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு வாக்குக் கேக்கற மனுஷனை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"சிரிக்காதே. குடு."

"குடுத்தேன், போ."

அதற்கு அடுத்த ஆண்டு, ஆற்றில் பனிக்கட்டி உடையும் பருவத்தில், அவருக்கு நுரையீரலில் ஜுரம் கண்டது. பகலெல்லாம் ஆற்றிலிருந்து பீரங்கி வெடிப்பதுபோல் பனி பிளக்கும் சத்தம். காற்று வேண்டும் என்று மருத்துவர் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார். நல்ல மத்தியானம். ரொசீனாக்கா ஈரத்துணியால் அவர் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் திறந்து தெளிவாகச் சொன்னார்.

"ரிங்கலைக் கூப்பிடு."

அவளுக்குக் கை நின்றுவிட்டது. "எந்த ரிங்கல்?"

"ஊர்ல எத்தனை ரிங்கல் இருக்காங்க?"

அவளை வாழ்நாளெல்லாம் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பதில்தான். ஜுரத்தில் பிதற்றுகிறவன் அப்படியா பேசுவான்? அது அவருடைய வழக்கமான குத்தல். அதே குரல், அதே ஓரச் சிரிப்பு.

"வாக்குக் குடுத்திருக்கேன், ஹார்ட்விக்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஜன்னல் பக்கம் திருப்பி, மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "ரிங்கல்!" என்று கத்தினார். இன்னொரு முறையும் கத்தினார். ரொசீனாக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். சபைத் தலைவர் க்ரோனர் பேசினார். ஹார்ட்விக் எப்படி வாழ்ந்தாரோ அப்படியே செத்தார், அஞ்சாமல், யாரையும் கெஞ்சாமல் என்றார். ரொசீனாக்கா முன்வரிசையில் அசையாமல் இருந்தாள்.

ஆனால் பக்கத்து வீட்டு புஷ்மான் அம்மாவுக்குக் காது நல்ல கூர்மை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் இரண்டு கூவலையும் கேட்டிருக்கிறாள், ஜன்னல் சாத்தியதையும் பார்த்திருக்கிறாள். அந்த வாரத்துக்குள் ஊரே பேசியது. பால்காரன் என் வாசலில் நின்று, "என்ன ஆல்வின், உங்க பேச்சாளர் கடைசியில பாஸ்டருக்காக அலறினாராமே?" என்று பல்லைக் காட்டினான்.

சபை கூடியது. க்ரோனர் நல்ல மனிதர், ஆனால் நேராகக் கேட்கிறவர்.

"டெட்மர் அம்மா, மன்னிச்சுக்கணும். ஊர் பேசறது நெஜமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாங்க அவங்க வாயை அடைச்சிடுவோம்."

ரொசீனாக்கா எழுந்தாள். மேடைக்கு மேலே இருந்த 'உண்மை பேசு' அவளுக்கு நேர் எதிரே இருந்தது.

"அவரு தண்ணி கேட்டாரு. அவ்வளவுதான்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு. வெயில் எல்லா ஜன்னல் வழியாகவும் கொட்டிக்கொண்டிருந்த காலை. க்ரோனர் தேனீக்களைப் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருந்தார். ரொசீனாக்கா அடுப்பில் விறகு வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுப்போர வரிசையில், கடைசி இடத்தில், ஹார்ட்விக் உட்கார்ந்திருந்தார். படுக்கையில் போட்டிருந்த நீளச் சட்டை, அதற்கு மேல் பழுப்புக் கோட்டு. தலைமயிர் அவள் துடைத்த ஈரம் காயாமல் இருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. மேடையையும் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரங்கழித்து வந்த யாரோ கதவைத் திறந்ததும் பாதி எழுந்தார். வந்தது யார் என்று பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் வெகுநாள் கழித்து அவளே எனக்குச் சொன்னது. எனக்கு அன்று தெரிந்தது ஒன்றுதான். ஆர்மோனியத்தில் உட்கார்ந்தால் கூட்டம் முழுக்க என் கண்ணில் படும். ரொசீனாக்கா கையில் விறகோடு சிலைபோல நின்றாள். பிறகு விறகைக் கீழே வைத்துவிட்டு, தன் சால்வையை எடுத்து அந்தக் கடைசி இடத்துக்குப் பக்கத்தில் போட்டாள். அன்று முதல் அந்த இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை. காப்பிக் கூடை, துணிமூட்டை, எதையாவது பக்கத்தில் வைத்து அடைத்துவிடுவாள். புருஷன் உட்கார்ந்த இடம் என்று வைத்திருக்கிறாள் போலும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவர் ஒருநாளும் அங்கே உட்கார்ந்தவரில்லை, மேடையில் நின்றவர் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, கோபம். வாரநாளில் தனியாகக் கூட்டப் போகும்போதும் அவர் இருப்பார். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு திட்டுவாள்.

"உயிர் போச்சுன்னா எல்லாம் போச்சுன்னு தொண்டை கிழியப் பேசிட்டு, இப்ப வந்து உட்கார்ந்திருக்கியே, வெக்கமா இல்ல? யாராவது பார்த்தா உன் பேரு என்னாகும்? அந்த புஷ்மான் பார்த்தா போதும், சந்தி சிரிச்சுடும்!"

அவர் வாசலைத்தான் பார்ப்பார்.

சபை நூலகத்தில் கண்ணைப் பற்றியும் நரம்பைப் பற்றியும் இருந்த புத்தகங்களை அவள் எடுத்துப் படித்தாள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இல்லாதது தெரியும், மூளையின் களைப்பு அது என்று போட்டிருந்தது. அதை அவள் முழுசாக நம்பினாள். பேயை அவள் கடைசிவரை நம்பவில்லை. "புஸ்தகத்துல சரியாத்தான் எழுதியிருக்கான்" என்று என்னிடம் சொன்னாள். "அதை அவருக்கே உரக்கப் படிச்சுக் காட்டினேன், ஆல்வின். அவரு எழுந்திருக்கல."

ஆண்டுகள் போயின. கதவு திறக்கும்போதெல்லாம் அவர் பாதி எழுந்து மறுபடி உட்காருவதை அவள் ஞாயிறுதோறும் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். ஒல்லியாகிவிட்டாள். நாக்கு மட்டும் குறையவில்லை.

மண்டபம் கட்டி இருபத்தைந்து ஆண்டு ஆனதைக் கொண்டாட வேண்டும் என்றார் சிகாகோவிலிருந்து வந்த புதுப் பேச்சாளர் டாக்டர் ஆம்சல். இளைஞர், சுறுசுறுப்பானவர். ஹார்ட்விக்கின் வாழ்க்கையைச் சிறு வெளியீடாக அச்சடிக்கச் சொல்லியிருந்தார். அவருடைய 'அஞ்சாத மரணம்' பற்றி அதில் தனி அத்தியாயம். விழாவில் ரொசீனாக்காவே அதைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார்.

"எனக்குப் பேச வராது, டாக்டர்."

"நடந்ததைச் சொன்னாப் போதும் அம்மா. உங்க வாயால வந்தா அதுக்கு இருக்கற மதிப்பே வேற."

விழா நாளில் மண்டபம் முழுக்க ஓக் இலைத் தோரணம். வெளியூர்ச் சபைகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் வெளியே அண்டாவில் கொதித்தன, பீப்பாய் பீப்பாயாகப் பீர். பாடகர் குழு பாடி முடித்ததும் டாக்டர் ஆம்சல் ரொசீனாக்காவைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார். கருப்பு உடுப்பு, அதிலும் ஒரு வெள்ளை இறகு. நான் ஆர்மோனியத்தில் இருந்ததால் அவள் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அடுப்போரமே பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் சாகறதைப் பத்திச் சொல்லச் சொன்னாங்க" என்று ஆரம்பித்தாள். "அவரு..."

நின்றுவிட்டாள். பின்னால் யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்தார்கள். ரொசீனாக்காவின் கண் கதவுக்குப் போய் மறுபடி அடுப்புக்கு வந்தது. முகம் சுருங்கியது.

"அவரு தண்ணி கேக்கல. ரிங்கலைக் கேட்டாரு. பாஸ்டர் ரிங்கலை. நான் கூப்பிடல. கத்தினாரு. நான் ஜன்னலைச் சாத்தினேன். அப்புறம் இதே மண்டபத்துல நின்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவ்வளவுதான். இறங்கி வந்து அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பிறகு எழுந்த கூச்சலை எழுத முடியாது. ஒருவர் துரோகம் என்றார். ஒருவர் ஜுரத்தில் சொன்னது சாட்சியாகாது, மருத்துவம் அப்படித்தான் சொல்கிறது என்றார். க்ரோனர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் ஆம்சல் வெளியீட்டுக் கட்டுகளைப் பார்த்து விழித்தார். வெளியூர்க்காரர் சிலர் எழுந்தே போய்விட்டார்கள்.

பீப்பாய் செய்யும் வெண்ட்லர் தாத்தா மட்டும் தடியைத் தரையில் தட்டினார்.

"ஏன்டா கத்தறீங்க? நான் சாகும்போது எங்கம்மாவைத்தான் கூப்பிடுவேன். அதுக்காக எங்கம்மா சொர்க்கத்துல உட்கார்ந்து மோர் கடையறான்னு அர்த்தமா? மனுஷன் பயந்தா யாரையாவது கூப்பிடுவான். வாங்க, கறி ஆறுது."

சிலர் சிரித்தார்கள். சிரித்ததில் கூச்சல் கொஞ்சம் அடங்கியது. ஆனால் அன்று ரொசீனாக்காவிடம் ஒருவரும் காப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டொரு நாள் கழித்து மத்தியானம் தோரணங்களை இறக்கிக்கொண்டிருந்தோம், அவளும் நானும். கதவில் யாரோ தட்டினார்கள். எங்கள் மண்டபக் கதவை யாரும் தட்டுவது வழக்கமில்லை. திறந்தால் பாஸ்டர் ரிங்கல். வெள்ளைத் தாடி, கழுத்தில் கம்பளித் துண்டு, ஒரு கையில் தடி, மறு கையில் தொப்பி.

"உள்ள வரலாமா?"

"கதவுக்குப் பூட்டு கிடையாது" என்றாள் ரொசீனாக்கா. "இத்தனை வருஷமா உங்களுக்குத்தான் அது தெரியல."

அவர் சுற்றிமுற்றிப் பார்த்தார். ஆந்தையைப் பார்த்தார், உலக உருண்டையைப் பார்த்தார். பிசாசுக் கொட்டகை என்று அவர் வாயால் எத்தனையோ தடவை சொன்ன இடம். கால் வலி போலும், பக்கத்தில் இருந்த பலகையில் உட்கார்ந்தார். அது அடுப்போர வரிசை. தொப்பியைப் பக்கத்தில் வைக்கப் போனார்.

"அங்க வைக்காதீங்க!"

ரொசீனாக்கா போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த தோரணம் விழுந்தது. பாஸ்டர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், பக்கத்தில் ஒருவருக்கு இடம் விடுவதுபோல.

"நீங்க மேடையில சொன்னதா ஊர்ல சொன்னாங்க" என்றார். "அவரு செத்த மறுநாளே புஷ்மான் அம்மா எங்கிட்ட வந்து சொல்லிட்டா. எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா கோயில்ல சொல்லல?"

"சொல்லல."

"ஏன்?"

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தொண்டை அடைப்பான் வந்த குளிர்காலம் ஞாபகம் இருக்கா? என் பிள்ளைங்க ரெண்டும் ஒரே வாரத்துல போச்சு. குழி வெட்டறவன் படுத்த படுக்கை. என் ஜனங்களே என் வாசப்படி மிதிக்கப் பயந்தாங்க. நானே கடப்பாரையை எடுத்துக்கிட்டு இறங்கினேன். மண்ணு கல்லா உறைஞ்சு கிடக்குது, கை வழுக்குது. கொஞ்ச நேரத்துல பக்கத்துல இன்னொரு கடப்பாரைச் சத்தம். நிமிர்ந்து பார்த்தா உங்க வீட்டுக்காரர்."

ரொசீனாக்கா பலகையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"எங்கிட்டயும் அவர் ஒண்ணும் பேசல. நானும் பேசல. பெட்டிகளை இறக்கி, மண்ணு போட்டு முடிச்சப்புறம், கோயில்ல உங்களுக்கு நன்றி சொல்ல முடியாது, டெட்மர்னு சொன்னேன். 'சொன்னா நான் மறுத்துப் பேசுவேன்'னார். கடப்பாரையைத் தோள்ல வச்சுக்கிட்டுப் போயிட்டார். மறுநாள்லேர்ந்து தெருவுல அவர் அந்த ஓரம், நான் இந்த ஓரம்."



"அப்ப எதுக்குக் கூப்பிட்டாரு?" என்றாள் அவள்.

"தெரியல, அம்மா. ஆண்டவருக்காகன்னு சொல்லணும்னு எனக்கு ஆசை. சொல்ல முடியல. ஒருவேளை ஊர்க்காரனைப் பார்க்கணும்னு இருந்திருக்கும். ஒருவேளை என்னைத் திட்டக் கூப்பிட்டிருப்பார்."

"நான் கூப்பிட்டிருந்தா?"

"நற்கருணைக் கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்திருப்பேன்" என்றார் ரிங்கல். "அவர் வாங்கிக்கிட்டாரோ இல்லையோ, அடுத்த ஞாயிறு ஊருக்கே சொல்லியிருப்பேன். குழி வெட்டினதையெல்லாம் மறந்திருப்பேன். அன்னிக்கு நான் அப்படிப்பட்ட ஆளு. நீங்க கூப்பிடாம விட்டது எனக்கும் நல்லதுதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் தடியை ஊன்றி எழுந்தார். வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தார். வெளியே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றார். கழுத்துத் துண்டைச் சரிசெய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

ரொசீனாக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போயிட்டாரு."

"ஆமாக்கா, கிழவர் நடக்கறதே கஷ்டமா..."

"அவரு இல்ல, ஆல்வின்." அடுப்போர வரிசையைக் காட்டினாள். "ஹார்ட்விக் எழுந்து அவர் கூடவே போயிட்டாரு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல."

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னாள். இலைத் தோரணத்தின் நடுவில் உட்கார்ந்து, இருட்டும்வரை சொன்னாள். நான் பகுத்தறிவுக்காரன். கேட்டுக்கொண்டேன். நடுநடுவே என் கண் அந்தக் காலி இடத்துக்குப் போய்ப் போய் வந்தது.

அவளுக்கு நிம்மதி வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வரவில்லை. அத்தனை வருடம் கண்ணெதிரே இருந்தவர் இப்போது இல்லை. ஞாயிறு காலையில் அடுப்பை மூட்டிவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பாள், உதட்டைக் கடித்துக்கொள்வாள். சால்வையை அங்கே போடுவதை விடவில்லை. சில ஆண்டுகளில் பாஸ்டர் ரிங்கல் இறந்தபோது அவள் லுத்தரன் கோயிலுக்குப் போனாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் ஒரு கோயிலுக்குள் கால் வைத்தது அதுதான். எங்கள் சபையில் முணுமுணுத்தார்கள். அவள் திரும்பி வரும்போது நான் என் சேணக் கடை வாசலில் நின்றிருந்தேன்.

"என்னக்கா, கோயிலுக்கெல்லாம் போக ஆரம்பிச்சாச்சா?"

"தேடிப் பார்க்கப் போனேன்" என்றாள். "அங்கயும் இல்ல."

பிறகு போர் வந்தது. அமெரிக்கா ஜெர்மனியோடு சண்டைக்குப் போனதும், எங்கள் பாஷை குற்றமாயிற்று. ஒரு காலையில் பார்த்தால், துரோகிகள் என்று காட்ட மண்டபக் கதவு முழுக்க மஞ்சள் சாயம் அடித்திருந்தார்கள். கல்லெறிந்து ஜன்னல்களை உடைத்தார்கள். லுத்தரன் கோயிலுக்கும் அதே மஞ்சள் சாயம்தான். சபை கூட்டம் நடத்துவதை நிறுத்திவிட்டது. உடைந்த ஜன்னல்களுக்குப் பலகை அடித்தோம். முதல் தடவையாகக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டோம். சாவி என்னிடம். போர் முடிந்த பிறகும் யாரும் திறக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷ் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது ரொசீனாக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வாத்தெல்லாம் போய், எங்கள் வீட்டுக் கீழ் அறையில் இருந்தாள். படுக்கையில் விழுந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நான் யாரைக் கேட்டாலும் கூட்டிட்டு வா. பாஸ்டரோ, கோமாளியோ, யாரா இருந்தாலும். கேக்கறது நானா ஜுரமான்னு ஆராய்ச்சி பண்ணாதே. வாக்கெல்லாம் வேணாம். கூட்டிட்டு வந்தாப் போதும்."

"சரிக்கா."

ஒரு வாரம் யாரையும் கேட்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவியின் கையைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஹார்ட்விக்கைக் கூட்டிட்டு வா."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மண்டபத்தின் பூட்டு துருவேறி இருந்தது. உள்ளே பலகைச் சந்துகள் வழியாக வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. எலிப்புழுக்கை நாற்றம். ஆந்தையின் ஒரு கண் எங்கேயோ விழுந்துவிட்டது. நாற்பது வருடம் அந்த மேடையில் உட்கார்ந்து, செத்தபின் எதுவும் இல்லை என்ற பேச்சுக்கெல்லாம் முன்னும் பின்னும் வாசித்தவன் நான். பலகை வரிசைகளுக்கு நடுவே நின்றபோது வெட்கத்தில் என் காது சிவந்தது. வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். பிறகு அடுப்போரம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"டெட்மர் ஐயா. அக்கா கூப்பிடறாங்க."

ஒன்றும் அசையவில்லை. நான் வாசலுக்குப் போய்க் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியவில்லை. ஒரு கிழவர் பலகையிலிருந்து எழுந்து நடந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். பிறகு பூட்டினேன். தெருவில் வரும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அறைக்குள் நுழைந்ததும் ரொசீனாக்கா தலையைத் தூக்கினாள். அவள் பார்த்தது என்னை அல்ல, என் தோளுக்குப் பக்கத்தில்.

"இவ்வளவு நேரமா?" என்றாள்.

போர்வைக்குள் காலை மடக்கி, கட்டிலின் கால்மாட்டில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். என் மனைவி மெல்ல எழுந்து வெளியே போய்விட்டாள். நானும் போய்விட்டேன். கதவைச் சாத்தவில்லை. உள்ளே அவள் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள்.

மறுநாள் விடிந்தபின் இறந்தாள்.

அவளுக்காக மண்டபத்தைத் திறந்தோம். ஜன்னல் பலகைகளைக் கழற்றினோம். மிஞ்சியிருந்த கண்ணாடிகளைத் துடைத்தோம். இளம் வழக்கறிஞர் ஒருவர் இங்கிலீஷில் பேசினார். அவள் உழைப்பைப் பற்றி, வாத்துகளைப் பற்றி, காப்பியைப் பற்றி நன்றாகவே பேசினார். அவள் இனி எங்கும் இல்லை, நம் நினைவில் மட்டும் இருக்கிறாள் என்று முடித்தார். எங்கள் வழக்கமான முடிவுதான் அது. நான் வாசிக்க ஆரம்பித்தேன். பாட்டு முடியும்வரை ஆர்மோனியக் கட்டைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுப்போர வரிசைப் பக்கம் நான் பார்க்கவே இல்லை.